வீட்டுக்குப் பக்கத்து வேலை

ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்த மூன்றாம் நாளே அவனுக்கு ஆமை என்று பெயர் விழுந்துவிட்டது. வயது நாற்பத்து நாலு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் மீசை முளைத்த சூடு ஆறாதவர்கள். லாரியில் ஏறுமுன் அவன் டயர்களை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்ப்பான். பக்கக் கண்ணாடிகளை இரண்டு தடவை துடைப்பான். இருக்கையை முன்னே இழுப்பான், பின்னே தள்ளுவான், மறுபடி முன்னே இழுப்பான். அதற்குள் மற்றவர்கள் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார்கள். "என்ன, ஆமை கிளம்பிருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் வெட்டு இயந்திரத்தில் நின்றவன். அங்கே அவசரக்காரர்கள் யார் யார் என்று விரலை எண்ணியே சொல்லிவிடலாம். இவனுக்குப் பத்தும் இருந்தன.

அந்தத் தொழிற்சாலையை ஒரு திங்கட்கிழமை மூடினார்கள். சனிக்கிழமை வேலை முடிந்து போகிறவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். வீட்டில் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஊசி குத்திக் குத்தி அவளுடைய இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடந்தது. ஒரு தவணை தவறினால் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. இந்த நிலைமையில், இந்த வயதில், வேறு எந்தத் தொழிற்சாலை அவனைக் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிடும்? லாரிக்கு மட்டும் எப்போதும் ஆள் தேவை என்றார்கள். ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தான்.

அங்கே பயிற்சி கொடுத்தவன் ஆமையைவிடப் பதினைந்து வயது சின்னவன். வாயில் பல்குத்தும் குச்சி இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது, அதனால் குச்சிக்காரன். வேலையில் கெட்டிக்காரன். "கோட்டுக்கு ஒரு அடி பின்னாடி நிக்கணும்ணே. நின்னதே உள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தெரியக்கூடாது" என்பான். வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் தலை முன்னே போய் ஆடாது. மற்றவர்கள் நிறுத்தினால் குச்சிக்காரன் முன் கண்ணாடியில் முட்டிக்கொள்ளாத குறை. ஆமை நிறுத்தினால் தூங்குகிறவன் விழிக்க மாட்டான். பரீட்சை வைக்க வந்த அதிகாரிகூட, "எத்தன வருஷமா ஓட்டறீங்க?" என்று கேட்டார். ஆமைக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் ஐந்தாவது வாரத்தில் ஒன்று நடந்திருந்தது. அது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். புறவழிச்சாலை மேம்பாலத்தில் மண்மூட்டை ஏற்றிய லாரியை இறக்கிக்கொண்டிருந்தான். இறக்கத்தில் கியரைக் குறைக்கப் போனான். நாலாவது கழன்றது, மூன்றாவது விழவில்லை. பிடி விட்டுப்போன லாரி தன் பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், கால்தான் வரவில்லை. யாருடைய காலோ போல அது அங்கேயே கிடந்தது. குச்சிக்காரன் தன் பக்கத்து பிரேக்கின் மேல் ஏறி நின்றே மிதித்தான். கீழே சிக்னலில் நின்ற கடைசிக் காருக்கும் இவர்களுக்கும் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம். "எல்லாருக்கும் ஒருக்கா வரும்ணே. வெளிய சொல்லிக்க வேணாம்" என்றான் குச்சிக்காரன். அவன் வாயில் குச்சியைக் காணவில்லை. ஆமை சிரித்தான், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலும் அவன் சொல்லவில்லை. அதற்கப்புறம் இறக்கம் என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால்கூட அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

உரிமம் கைக்கு வந்த வாரமே இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று பெரிய கம்பெனி. முதல் எட்டு வாரம் பழைய ஓட்டுநர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் தனி வண்டி. பிறகு மூன்று வாரம் சாலையில், ஒரு வாரம் வீட்டில். அவர்கள் வண்டி எல்லாமே மலையைத் தாண்டித்தான் போகும், வரும். இன்னொன்று பால் ஏற்றும் சின்ன நிறுவனம். ஊருக்கு வெளியே சேகரிப்பு நிலையத்திலிருந்து டேங்கரில் பாலை நிரப்பிக்கொண்டு ஆலையில் கொண்டுவந்து இறக்கவேண்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டர், வழியெல்லாம் உள்ளங்கை மாதிரி சமதரை. காலை ஐந்துக்கு ஏறினால் பகல் பன்னிரண்டரைக்கு வீட்டில் இருக்கலாம். மூன்று நாள் ஒருவர் கூட வருவார், நாலாம் நாள் சாவி கையில்.

குச்சிக்காரனிடம் கேட்டான். "இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? பெரிய கம்பெனிக்குப் போங்க. புதுசா வர்றவன் கையில மூணே நாள்ல சாவியக் குடுக்கறான்னா, பழைய ஆளுங்க ஏன் அங்க நிக்கலேன்னு கேக்கணும்ல?" என்றான் அவன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் பேச்சு நடந்தது. மூன்று பேர்: அவன், மனைவி, மாடியில் குடியிருக்கும் மனைவியின் தங்கை. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள்.

"பெரிய கம்பெனியையே எடுத்துக்குங்க. நான் என்ன கைக்குழந்தையா, இடுப்புல தூக்கி வச்சுக்கறதுக்கு?" என்றாள் மனைவி.

"அக்காவை நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன் மாமா. வாரத்துல மூணு மத்தியானம்தானே, என் மிஷின் எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க தைரியமா போங்க" என்றாள் கொழுந்தியாள்.

ஆமை மேசைமேல் இருந்த இரண்டு கடிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். பிறகு, "முடியாது. உன்ன விட்டுட்டு மூணு வாரம் எங்கயோ கெடந்துட்டு வர என்னால ஆகாது. எனக்கு நீதான் முக்கியம்" என்றான்.

மனைவி எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. "அக்கா குடுத்து வச்சவ" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தியாள் மாடி ஏறினாள். மறுநாளுக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப்போகிறது. அவனுக்கு மலை பயம். எட்டு வாரம் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டுநர் உட்கார்ந்தால் அந்தக் கால் மறுபடி வராமல் போவதை அவர் பார்த்துவிடுவாரே என்று அதைவிடப் பயம். மனைவியின் மேல் அக்கறை இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் கொழுந்தியாள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகும் அந்த அக்கறையை முன்னால் நிறுத்தி அவன் பின்னால் ஒளிந்துகொண்டான். நல்லவன் என்ற பெயரும் சும்மா கிடைத்தது. கரும்பு தின்னக் கூலி.

பால் டேங்கரில் அவனோடு மூன்று நாள் வந்த பெரியவர் பாதி நேரம் தூங்கினார், மீதி நேரம் மருமகனைத் திட்டினார். நடுவில் ஒரே ஒரு தடவை, டேங்கரைக் கழுவும்போது, "எண்ணெய் டேங்கர்ல உள்ள தடுப்புச் சுவர் வச்சிருப்பான். பாலுக்கு வைக்க மாட்டான். மூலையில அழுக்கு தங்கிரும், கழுவ முடியாது. இது உள்ள வெறும் குழாய்தான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது; பழகினவர்களுக்கு எது மற்றவர்களுக்குத் தெரியாது என்பது மறந்துபோய்விடுகிறது. மூன்று நாளும் டேங்கர் போகும்போது கழுத்துவரை நிறைந்திருந்தது, வரும்போது காலி. அடுத்த பதினோரு வாரமும் அப்படியேதான். ஒருநாள் தவறாமல் பன்னிரண்டரைக்கு வந்தான். சாப்பிட்டு, மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பதினோரு வாரமும் அவர்கள் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

பன்னிரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஆலையில் ஒரு தொட்டி பழுதாகிவிட்டது. பாதிப் பாலை இறக்கிக்கொண்டு, மீதியை நகரத்தின் மறுபக்கம் இருக்கிற வெண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மேற்பார்வையாளர் போனில், "பாதிதான இருக்கு, வண்டி பூ மாதிரி போகும்" என்றார். ஆமையும் அப்படித்தான் நினைத்தான். அட்டைப்பெட்டியில் பாதி என்றால் பாதி பாரம்தான், பாதி தொல்லைதான். பால் அப்படி இல்லை. நிறைந்த டேங்கரில் அது அசைய இடம் கிடையாது. பாதி டேங்கரில் பத்தாயிரம் லிட்டரும் முன்னே ஓடும், சுவரில் மோதும், பின்னே போகும், மறுபடி ஓடி வரும். குறைகுடம் கூத்தாடும் என்று நாமெல்லாம் வாய் வலிக்கச் சொல்கிறோம். அது மனுஷனைத் திட்டுவதற்கு மட்டும் உள்ள பழமொழி என்று நினைத்துவிட்டோம்.

கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடை முன்னால் சிக்னல் சிவப்பானது. கோட்டுக்கு ஒரு அடி பின்னால், ஒரு குலுக்கல் இல்லாமல், ஆமை லாரியை நிறுத்தினான். ரொட்டிக்கடையில் வேலைசெய்யும் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், முழங்கையில் மாவோடு சாலையைக் கடக்க இறங்கினார். இவ்வளவு பெரிய வண்டி இவ்வளவு பதமாக நின்றது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்து, நன்றி சொல்கிற மாதிரி கையைத் தூக்கினார். ஆமையும் தலையை ஆட்டினான். பழக்கப்படி கால் பிரேக்கைவிட்டு வந்திருந்தது. கை ஹேண்ட் பிரேக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி லாரி ஆறேழு அடி முன்னே பாய்ந்தது. எவன் இடித்தான் என்று அவன் முதலில் பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தான். பின்னால் யாருமே இல்லை.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். ஆமை இரண்டு நாள் காவல் நிலையத்தில் இருந்தான். உரிமத்தை வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நிறுவனம், தாங்கள் பயிற்சி கொடுத்தாகிவிட்டது, ஓட்டுநர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டது. பத்தொன்பது வருஷம் ஒரு நகம்கூடப் பேராமல் வேலை பார்த்தவன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி இல்லாத நாள் என்பதால் மனைவியும் பிடிவாதமாக வந்தாள். பின் பெஞ்சில் தங்கையோடு உட்கார்ந்தாள். முன் பெஞ்சில் இறந்துபோன அம்மாளின் மகள் இருந்தாள். விசாரித்த அதிகாரி நிதானமானவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "பெரிய கம்பெனியிலயும் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. அங்க எட்டு வாரம் பயிற்சி. அதை விட்டுட்டு, மூணு நாள் பயிற்சி குடுக்கற இடத்துக்கு ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் சொன்ன பொய் நாக்கின் நுனியிலேயே இருந்தது. "என் மனைவிக்காகங்க. அவளுக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. அவ பக்கத்துல இருக்கணும்னுதான் இத எடுத்தேன்" என்றான்.

இறந்தவரின் மகள் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். முறைக்கவில்லை. யாருக்காக என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள், அவ்வளவுதான். மனைவி புடைத்த நரம்போடு கிடந்த இடது கையை மடிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்கு அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் வரல" என்றாள்.

"உடம்புக்கு முடியலயா?"

"ஒரு உசுரக் குடிச்சாச்சு. இன்னும் எதுக்கு ரத்தத்தக் கழுவிட்டுக் கெடக்கணும்? அந்தப் பொண்ணு என்னைப் பாத்தா. நீங்க பாக்கல, நான் பாத்தேன். நான் ஒழுங்கா இருந்திருந்தா நீங்க மலைக்குப் போயிருப்பீங்க, அவங்கம்மா ரொட்டிக்கடைக்குப் போயிருப்பாங்க."

அவன் கெஞ்சினான், அதட்டினான். தங்கை வந்து அழுதாள். "அக்கா, நீ செத்தா அவங்க திரும்பி வந்துருவாங்களா?" என்று கேட்டாள். அதற்கெல்லாம் அவள் அசையவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. செவ்வாய்க்கிழமை படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்தே இருந்தாள். ஆமை அந்த இரண்டு நாளும் கூடத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தான். சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். உலகத்தில் அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல பெயர் அதில் போய்விடும். வேலையும் போய், உரிமமும் போய், ஒரு உயிரும் போன பிறகு அந்தப் பெயரை மட்டும் கட்டிக்கொண்டு என்ன செய்யப்போகிறான்? ஆனாலும் ஐந்து நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனை எனக்கு மன்னிக்கத் தோன்றாதது இதற்காகத்தான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினாள். "இன்னைக்கும் கூட்டிட்டு வரலேன்னா, அப்புறம் நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. தெளிவா சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"நான் உனக்காக அந்த வேலைய எடுக்கல" என்றான்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னைக் கெளப்பறதுக்கு இது ஒரு வழியா?" என்றாள்.

மேம்பாலத்தில் நடந்ததைச் சொன்னான். எந்த வாரம், எந்த இறக்கம், எத்தனை மூட்டை, கால் எப்படி வராமல் போயிற்று, கீழே நின்ற கார் என்ன நிறம். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு, "உன் தங்கச்சி உன்னைப் பாத்துக்கறேன்னு சொன்னப்ப, எனக்கு அவ மேல கோவம்தான் வந்துச்சு. நல்லது பண்றேன்னு வந்து என் சாக்கப் புடுங்கறாளேன்னு இருந்துச்சு. வேற வழி தெரியாம உன்னைச் சொன்னேன்" என்றான்.

அதை அவள் நம்பினாள். இட்டுக்கட்டிச் சொல்கிறவனுக்கு அது தோன்றாது.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கம்" என்றாள் அவள். தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வார்டுல பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கறவ, புருஷன் எட்டிக்கூடப் பாக்கறதில்லன்னு தெனம் அழுவா. எல்லாரும் ஏதாவது சொல்லி அழுவாங்க. நான் மட்டும்தான் பெருமையா சொல்லுவேன். எங்க வீட்டுக்காரர் எனக்காகப் பெரிய வேலையவே வேணாம்னுட்டாருன்னு. எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா? ஊசி குத்தும்போது அதத்தான் நெனச்சுக்குவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொஞ்சம்கூடவா எனக்காக இல்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. கால் பங்கு அவளுக்காகவும்தான். ஆஸ்பத்திரிக்கு அவளோடு பஸ்ஸில் போகிற அந்த மதியங்களை அவன் ஆசைப்பட்டது பொய் இல்லை. ஆனால் அந்தக் கால் பங்கைச் சொன்னால், அவள் அதைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள். அந்த அம்மாளின் சாவில் கால் பங்கு தன்னுடையது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவாள். அவளை அவனுக்குத் தெரியும்.

"இல்ல" என்றான்.

அவள் வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு வீங்கிய கால்களை ஒவ்வொன்றாகக் கட்டிலிலிருந்து கீழே இறக்கினாள். அவன் பிடிக்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"எந்தங்கச்சியக் கூப்பிடுங்க. அவளோட போறேன். நீங்க வர வேணாம்."

அன்றைக்கு நாலு மணி நேரத்துக்குப் பதிலாக ஆறு மணி நேரம் படுக்கவைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்றுவரை தங்கையோடுதான் போய் வருகிறாள்.